மூன்றாம் இருக்கைப் பன்றி

அந்த வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு வெர்னூசி பங்குக் கோயிலில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஓய்வுபெற்ற நோட்டரி லெயோன்ஸ் பிரெஷார், வயது எண்பத்தொன்று. அவருடைய தங்கை சிதோனி, வயது எழுபத்தாறு, மணமாகாதவர். பங்குச் சாமியார் ஃபுல்ஜான்ஸ் அஜோவி, பெனின் நாட்டுக்காரர், வெர்னூசிக்கு வந்து ஆறு ஆண்டாகிறது. பழைய மரச் சிற்பங்களைப் பழுதுபார்க்க வந்திருந்த மாயேல் என்னும் பெண். திருவிழாக் குழுத் தலைவரும் பேக்கரிக்காரருமான ரெமி பிமூல். அவர் அந்நேரம் அங்கே இருந்ததற்கு எந்தக் காரணமும் இல்லை. ஆக ஐந்து. தாமும் அன்று அங்கே இருந்ததாக இப்போது ஊரில் நாற்பது பேர் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவர் அன்று மாவட்ட மருத்துவமனையில் கண்புரை அறுவைக்காகப் படுத்திருந்தார்.

பீடத்துக்கு முன்னால், தெற்கு வரிசையில் மூன்றாவது இருக்கை பிரெஷார் குடும்பத்துக்கு உரியது. ஆண்டுதோறும் செப்டம்பரில், புனித மொரீல் திருவிழா ஞாயிறன்று, குடும்பத்தின் மூத்தவர் அதில் வந்து அமர்வார். பிமூல் வீட்டு ரொட்டி மந்திரிக்கப்பட்டு, முதல் துண்டு அவருக்குப் போகும். அவர் மென்று விழுங்கும்வரை ஊர் காத்திருக்கும். அதன் பிறகுதான் மற்றவர்களுக்கு, மேயர் உட்பட. புரட்சிக் காலத்தில் கோயிலை வைக்கோல் கிடங்காக்கியிருந்தபோதுகூட அன்றைய பிரெஷார் வைக்கோல் கட்டுகளுக்கு இடையே புகுந்து, அந்த இருக்கையில் கால் மணி நேரம் அமர்ந்து, சட்டைப் பையில் கொண்டுபோன ரொட்டியைத் தின்றுவிட்டு வந்தார். லெயோன்ஸ் முப்பத்துநான்கு ஆண்டுகளாக அமர்ந்து வருகிறார். ஒரு முறை நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு.

அந்த இருக்கைகள் மடக்குப் பலகைகள். பலகையைத் தூக்கினால் அடியில் நின்றபடி சாய்ந்துகொள்ள ஒரு விளிம்பு இருக்கும். விளிம்பைத் தாங்க ஒரு சிற்பம். முதல் இருக்கையின் அடியில் ஒருத்தி கணவனை அகப்பையால் அடிக்கிறாள். இரண்டாவதில் நரி ஒன்று வாத்துகளுக்குப் பிரசங்கம் செய்கிறது. மூன்றாவதில், வாயில் கேடயத்தைக் கவ்வியபடி, இரண்டு கோரைப்பற்களும் மேல்நோக்கி வளைந்த காட்டுப்பன்றி. பிரெஷார்களின் காட்டுப்பன்றி. லெயோன்ஸின் மோதிரத்தில் அதுதான். வெள்ளிக் கரண்டிகளில் அதுதான். வீட்டு இரும்புக் கதவிலும் அவர் தகப்பனார் கல்லறையிலும் அதுவேதான்.

மாயேல் வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து, நூற்றாண்டுகளாகப் பூசிப் பூசிக் கறுத்துப்போன மெழுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். லெயோன்ஸ் கைத்தடியை ஊன்றாமல் பிடித்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். அப்போது காட்டுப்பன்றியின் இடது கோரைப்பல் கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது.

"ஒடைச்சிட்டீங்க" என்றார் லெயோன்ஸ்.

"ஒடையல ஐயா. இது ஒட்டவெச்சது. ஈரம் பட்டதும் பசை விட்டுப்போச்சு." அவள் வலது பல்லை விரலால் தொட்டாள். அதுவும் தயங்காமல் வந்துவிட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது மரமே இல்ல. நீர்யானைத் தந்தம். எரநூறு வருசத்துக்கு முன்னாடி பொய்ப்பல் செய்யறதுக்கு இதத்தான் எடுப்பாங்க."

சிதோனி குனிந்து அந்தப் பல்லைப் பார்த்தாள்.

"அண்ணா, நம்ம அகில் தாத்தா பல் வைத்தியர்தானே?" என்றாள் சிதோனி.

"அவர் தாத்தா இல்ல. தாத்தாவுக்குத் தாத்தா."

"சரி, அத்தன தலைமுறை தள்ளிப்போனதால பல்லு கட்டாம இருந்திருப்பாரா?"

மாயேல் தன் வேலையைத் தொடர்ந்தாள். வேறு என்ன செய்வாள், பாதி துடைத்த பன்றியை அப்படியே விட முடியாது. மெழுகு போகப் போக மூக்கில் ஒரு வளையம் தெரிந்தது. வயிற்றுப் பக்கம் வரிசையாகச் சிறு முண்டுகள் தெரிந்தன.

"பன்னெண்டு" என்றார் பிமூல். அவரை எண்ணச் சொன்னவர் யாருமில்லை.

"காட்டுப்பன்றியிலயும் பொட்டை உண்டு" என்றார் லெயோன்ஸ்.

"உண்டு, நோட்டரி ஐயா. அதுக்குக் காட்டுல போய் மூக்குவளையம் போட்டுவிட்டது யாரு?" என்றார் பிமூல்.

கடைசியாகக் கேடயம் துலங்கியது. அதன் மேல் கத்தியால் குறுக்காகக் கீறியதுபோல ஒரு சிலுவைக் கோடு இருந்தது. பேக்கரி வைத்திருப்பவனுக்கு அது கேடயமல்ல, ரொட்டி என்று பார்த்துச் சொல்ல ஒரு நொடி போதும். பிமூல் சொல்லவில்லை. ஆனால் சிரித்தார். அது அதைவிட மோசம்.

மாயேல் பஞ்சைக் கீழே வைத்தாள். "எப்படியும் சொல்லித்தான் ஆகணும். வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஆவணக் காப்பகத்துல தேடினேன். கோயில் நிர்வாகிகளோட ஏடு ஒண்ணு இருக்கு, ஆயிரத்து நானூத்தி எண்பத்தெட்டாம் வருசத்தது. அதுல இந்த இருக்கையப் பத்தி ஒரு பக்கம் எழுதியிருக்கு. போட்டோ எடுத்து வெச்சிருக்கேன்."

"படிங்க" என்றார் லெயோன்ஸ். தனியாகப் படித்திருக்கலாம் என்று சிதோனி பிறகு சொன்னாள். ஆனால் மறைக்க ஏதோ இருக்கிறது என்று பிமூல் முன்னால் காட்டிக்கொள்ள அவரால் ஆகாது.

மாயேல் படித்தாள். ழான் பிரெஷார் என்பவனுடைய பன்றி, திருவிழா நாளில் இக்கோயிலுக்குள் புகுந்து, மந்திரித்த ரொட்டி முழுவதையும் தின்று தீர்த்து, பீடத்தின் முன் படுத்து உறங்கிற்று. பங்கு மக்கள் அவ்வாண்டு ரொட்டியின்றி வீடு திரும்பினர். ஆகவே மேற்படி ழானும், அவனுக்குப் பின் அவன் இரத்தத்தில் மூத்தவனும், இக்கோயில் நிற்கும் காலம்வரை, திருவிழாவன்று எல்லார் கண்ணுக்கும் முன்பாகத் தன் பன்றியின் மேல் அமர்ந்து, கழுவிய கையால் முதல் துண்டைத் தின்னக் கடவன். பிரெஷார் வீட்டில் எல்லா வாய்க்கும் தீனி போட்டாயிற்று என்று பங்கு மக்கள் கண்டு, மீதி ரொட்டியை அச்சமின்றி உண்ணும்பொருட்டு.

லெயோன்ஸ் நேராகவே நின்றார். முதுகு வளையவில்லை. முப்பத்துநான்கு ஆண்டு அவர் அந்த இருக்கையில் அமர்ந்திருந்தபோது ஊர் ஏன் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தது என்பதற்கு அவர் தமக்குள் ஒரு விளக்கம் வைத்திருந்தார். அந்த விளக்கம் இப்போது மெழுகோடு போய்விட்டது.

"எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு பிமூல் கிளம்பினார். வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தால் அடுப்பு எதற்கு. அவர் பேக்கரிக்குப் போகும் வழியில் ஒன்பது கடைகள் இருக்கின்றன. ஒன்பதிலும் நின்றார்.

பகலுணவுக்கு இறைச்சி வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் மனைவி சிதோனியிடம் கேட்டாள்: "பன்னித் தொடை வேணும்னுதான் வந்தீங்களா? இல்ல, சொந்தக்காரங்க முன்னாடியே வெட்டறதுக்கு எனக்குக் கூச்சமா இருக்கு."

"வெட்டு, வெட்டு" என்றாள் சிதோனி. "தூரத்துச் சொந்தம்."

இதை அவள் வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள். லெயோன்ஸ் சிரிக்கவில்லை. கரண்டியைக் கவிழ்த்து வைத்து, அதில் பொறித்திருந்த மிருகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார்.

சாப்பாடானதும் மாயேல் கொடுத்திருந்த படப் பிரதிகளை மேசையில் விரித்தார். அவருடைய முதல் நம்பிக்கை, பத்திரம் போலியாக இருக்கும் என்பது. நாற்பத்தொரு ஆண்டு நோட்டரியாக இருந்தவர். எத்தனையோ குடும்பங்களின் பெருமையை ஒரே ஒரு தேதிப் பிழையால் தரைமட்டமாக்கியிருக்கிறார். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் தேடினார். தேதி சரியாக இருந்தது. முத்திரை சரி. சாட்சிகள் ஒன்பது பேர், ஒவ்வொருவரும் தகப்பன் பெயரோடு. அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. "காலம்வரை" என்ற சொல்லுக்குப் பக்கத்தில், பின்னால் யாரும் குழப்பக்கூடாது என்று, "அதாவது எந்நாளும்" என்றுகூட அன்றைய எழுத்தர் எழுதியிருந்தார். அந்த எழுத்தரை லெயோன்ஸுக்குப் பிடித்துவிட்டது. அதுதான் வேதனை.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள் சிதோனி.

"மாசு மருவில்லாம இருக்கு. என் ஆபீஸ்ல இப்படி ஒரு குமாஸ்தா கிடைக்கவே இல்ல."

"அப்ப நம்ம பன்னி நம்ம பன்னிதான்."

அவர் தாளைத் திருப்பினார். மறுபக்கத்தின் படமும் இருந்தது. மாயேல் அதைப் படிக்கவில்லை; கையெழுத்து மோசம் என்று விட்டுவிட்டாள். பழைய கையெழுத்து லெயோன்ஸுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மெதுவாகப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, மூன்றாம் முறை படித்தார்.

வெள்ளிக்கிழமை காலை சாமியார் வந்தார். நாற்காலியின் நுனியில் அமர்ந்து காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"நேத்து சாயந்திரம் திருவிழாக் குழு கூடிச்சு ஐயா. பிமூல் ஒரு யோசனை சொன்னாரு. இந்தக் காலத்துல ஒருத்தர இப்படி எல்லார் முன்னாடியும் உக்காரவெச்சு அவமானப்படுத்தறது நல்லா இல்லையாம். அதனால வழக்கத்த நிறுத்திடலாம்னு. அந்த இருக்கையக் கயிறு கட்டிட்டு, பக்கத்துல ஒரு விளக்கப் பலகை வெச்சிடலாம். நீங்க எல்லாரோடயும் சேர்ந்து உக்காரலாம்."

"பலகையில என்ன எழுதுவாங்க?"

சாமியார் கரண்டியைப் பார்த்தார். "பன்னி கதைதான்."

"அதாவது, பிமூல் என்னை மன்னிக்கிறாரு."

"நானே வேணும்னாலும் மன்னிச்சிடறேன் ஐயா. எனக்கு அந்த அதிகாரம் இருக்கு. எங்க ஊர்ல கோயிலுக்குள்ள பன்னி வந்தா புடிச்சுக் குழம்பு வெச்சிடுவோம். ஐநூறு வருசம் கேஸ் நடத்த மாட்டோம்."

லெயோன்ஸ் எழுந்து நின்றார். உட்கார்ந்தபடி சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது. "சாமி, இந்தக் குடும்பத்துக்கு நல்ல பேர் இருக்கு, கெட்ட பேர் இருக்கு. நேத்து வரைக்கும் கெட்ட பேர் இல்லன்னு நெனச்சேன், இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா எழுதின எழுத்துக்குக் கட்டுப்படாத பேர் எங்களுக்கு இல்ல. ஒரு வருசம்கூட தவறல. பாதித் தண்டனையில ஓடிப்போனவங்கன்னு ஒரு பலகை என் சாவுக்கப்புறமும் அங்க நிக்கணுமா? ஞாயித்துக்கிழமை நான் உக்காருவேன். ஒரே ஒரு கோரிக்கை. பத்திரத்த எல்லார் முன்னாடியும் சத்தமா வாசிக்கணும். முழுசா."

"முழுசாவா?"

"பாதி வாசிச்ச பத்திரம் வாசிக்காத பத்திரம்."

சாமியார் ஒப்புக்கொண்டார். அவர் போனதும் லெயோன்ஸ் ஒரு கடிதம் எழுதினார். பத்திரத்தின் மறுபக்கத்தை அதில் தெளிவாகப் பெயர்த்து எழுதி, ஞாயிறன்று இது வாசிக்கப்படும் என்று குறிப்பிட்டு, ரெமி பிமூலுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். எதிர்த் தரப்புக்கு முன்னறிவிப்புக் கொடுக்காமல் எந்தக் காரியத்தையும் அவர் செய்ததில்லை.

"ஏன் அனுப்பற? சும்மா இருந்து வேடிக்கை பாக்கலாம்ல" என்றாள் சிதோனி.

"சொல்லாம கொள்ளாம பாயறது காட்டுப்பன்றி வேலை" என்றார் அவர். "நாம அது இல்லையே இப்ப."

பிமூல் சனிக்கிழமை கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். உறையின் மேல் பிரெஷாரின் பெயரைப் பார்த்ததும், மான நஷ்ட வழக்கு மிரட்டல் என்று முடிவு கட்டி, பிரிக்காமல் மாவுத் தராசின் அடியில் செருகிவிட்டார். அன்று அவருக்குக் கை நிறைய வேலை வேறு இருந்தது.

என்ன வேலை என்பது ஞாயிறன்று தெரிந்தது. கிறிஸ்துமஸுக்குக்கூட அவ்வளவு கூட்டம் வருவதில்லை. தூண்களுக்கு இடையே நின்றார்கள். பிரசங்க மேடையின் படிகளில் உட்கார்ந்தார்கள். இருபது ஆண்டாகக் கோயில் வாசலை மிதிக்காத மருந்துக்கடைக்காரர் முதல் வரிசையில் இருந்தார். மேல் சன்னல்களிலிருந்து சிவப்பும் நீலமுமாக வெயில் விழுந்துகொண்டிருந்தது. அந்த வெயிலுக்குள் இரண்டு ஆட்கள் தோளில் பலகை சுமந்து வந்தார்கள். பலகையின் மேல் திருவிழா ரொட்டி. வழக்கமான வட்ட ரொட்டி அல்ல. ஒன்றரை மீட்டர் நீளத்தில், வெண்ணெய் மினுங்க, ஒரு பன்றி. கண்ணுக்குப் பாதாம். மூக்கில் சர்க்கரை வளையம். வயிற்றில் பன்னிரண்டு செர்ரிப் பழம். பின்னால் பிமூல், புது மேலங்கியில், மணமகளின் தகப்பன்போல நடந்து வந்தார்.

லெயோன்ஸ் நடுப்பாதையில் வந்தார். கூடவே சிதோனி ஒரு பீங்கான் கிண்ணத்தில் தண்ணீரும் துண்டும் ஏந்தி வந்தாள். எப்போதும் அவர் வெள்ளைக் கையுறையோடு அமர்வார். பத்திரத்தில் கழுவிய கை என்று இருக்கிறது. ஆகவே அன்று கையுறையைக் கழற்றினார், எல்லாரும் பார்க்கக் கையைக் கழுவினார், விரல் விரலாகத் துடைத்தார். மூன்றாவது இருக்கையின் பலகையைத் தூக்கி, பல் போன பன்றியை ஊர் நன்றாகப் பார்க்கும்வரை பிடித்திருந்தார். பிறகு இறக்கி, அதன் மேல் அமர்ந்தார். கோயிலில் யாரோ மெல்ல உறுமிக் காட்டினார்கள். அது பன்றியின் உறுமல். மருந்துக்கடைக்காரர் என்று சந்தேகம்.

சாமியார் வாசித்தார். பன்றி உள்ளே புகுந்தபோது ஒரு பக்கம் சிரிப்பு எழுந்தது. ரொட்டி தீர்ந்தபோது கோயில் முழுவதும் சிரித்தது. பீடத்தின் முன் படுத்து உறங்கியபோது கூரையிலிருந்த புறாக்கள் எழுந்து பறந்தன. லெயோன்ஸ் கையை முழங்காலில் வைத்து, தன் முன்னோர் செய்த குற்றத்தைப் பிறர் வீட்டுச் சொத்துப் பட்டியல் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது. பிமூல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மறுபக்கம்" என்றார் சாமியார்.

சிரிப்பு நிற்கச் சற்று நேரம் ஆனது.

"மேற்படி பன்றி தானாக உள்ளே வரவில்லை என்று ஒன்பது சாட்சிகளும் சொன்னார்கள். ரொட்டிக்காரன் கொலா பிமூல், காலையிலேயே குடித்துவிட்டு, மந்திரித்த ரொட்டியைக் கோயில் படியில் வைத்து, கதவைத் திறந்துபோட்டு, ரொட்டியின் மேலேயே தலைவைத்து உறங்கினான். பன்றி முதலில் அவனை எழுப்ப முயன்றதாகச் சாட்சிகள் சொல்லுகிறார்கள். அவன் எழவில்லை. பன்றி அவன் தலையை நகர்த்திவிட்டு ரொட்டியை உள்ளே இழுத்துச் சென்றது. ஆகவே மேற்படி கொலாவும், அவன் வழியில் வருகிறவனும், இக்கோயில் நிற்கும் காலம்வரை, அதாவது எந்நாளும், திருவிழா ரொட்டியைத் தன் கையால் சுட்டுக் கொடுத்து, முழந்தாளிட்டுப் பிரெஷாரிடம் நீட்டக் கடவன்; விழித்திருக்கிறான் என்று பங்கு மக்கள் காணும்பொருட்டு."

இந்த முறை யாரும் உடனே சிரிக்கவில்லை. எல்லாத் தலையும் ஒன்றாகத் திரும்பியது. பிமூல் வீட்டு ரொட்டிதான் திருவிழா ரொட்டி என்று கடைப் பலகையில் தங்க எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஐந்து தலைமுறைப் பெருமை அது. பிமூலின் முகம் அடுப்பிலிருந்து எடுக்க மறந்த ரொட்டியின் நிறத்துக்குப் போனது.

"கடிதம் போட்டேனே" என்றார் லெயோன்ஸ், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

"பிரிக்கல."

"ரெமி, உனக்கு முட்டி வலின்னு தெரியும். முழந்தாள் விஷயத்த நான் வற்புறுத்தல. எனக்குச் சேரவேண்டியத நானே விட்டுக்குடுக்கலாம், சட்டத்துல இடம் இருக்கு."

பிமூல் அவரைப் பார்த்தார். "நீங்க என்னை மன்னிக்க வேணாம், நோட்டரி ஐயா" என்றார். பன்றி ரொட்டியின் மூக்கை வளையத்தோடு உடைத்து எடுத்தார். கூட்டம் முழுவதும் பார்க்க, முதலில் வலது முழங்காலையும், பிறகு நெடுநேரம் கழித்து, இடதையும் கல்தரையில் ஊன்றினார். இரண்டு கையாலும் நீட்டினார்.

லெயோன்ஸ் வாங்கினார். மென்றார். ஊர் காத்திருந்தது, வழக்கம்போல. விழுங்கினார்.

"கொஞ்சம் காய்ஞ்சிருக்கு" என்றார்.

"போன தடவ முழுசாத் தின்னவங்க குறை சொல்லலையே" என்றார் பிமூல், கீழிருந்து.

அப்போதுதான் கோயில் சிரித்தது. சாமியார் தாளால் முகத்தை மூடிக்கொண்டார். பிமூல் எழ முயன்றார், முடியவில்லை. முழங்கால் அப்படியே பூட்டிக்கொண்டுவிட்டது. லெயோன்ஸ் இருக்கையை விட்டு எழுந்து கை கொடுத்தார். எண்பத்தொரு வயதுக்காரர் அறுபத்துமூன்று வயதுக்காரரைத் தூக்கியதில் இரண்டு பேரும் ஒருமுறை ஆடினார்கள், ஆனால் விழவில்லை. பிறகு லெயோன்ஸ் மீண்டும் பன்றியின் மேல் அமர்ந்தார், பிமூல் தம் கையாலேயே மற்றவர்களுக்கு ரொட்டி பங்கிட்டார். குழு அந்த வாரமே மறுபடி கூடி, கயிறும் வேண்டாம் பலகையும் வேண்டாம் என்று எழுதிக்கொண்டது. முன்மொழிந்தவர் பிமூல்.

அன்று லெயோன்ஸ் பிரெஷார் இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கித் தின்றார் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது உண்மையில்லை. கேட்டது சிதோனி.